எஸ்ஐபிக்கு முன்னாடி இன்ஹேலர்

சேனல்ல நான் அடிக்கடி சொல்ற ஒரு வரி உங்களுக்கு மனப்பாடமே ஆகியிருக்கும். சம்பளம் வந்த அன்னைக்கே சேமிப்பை எடுத்து வெச்சிடுங்க, மிச்சத்துல செலவு பண்ணுங்க. அதை நான் வாபஸ் வாங்கப் போறதில்லை. ஆனா அதுல ஒரு ஓட்டை இருக்குன்னு எனக்குக் காட்டினவன் என் சித்தப்பா பையன். காட்டின இடம் ஒரு ஆஸ்பத்திரி வார்டு.

தம்பிக்கு 25 வயசு. அருப்புக்கோட்டைப் பக்கம் ஊர், சோழிங்கநல்லூர்ல வேலை, கைக்கு வர்ற சம்பளம் 31,000. சின்ன வயசுலயே தும்மல் உண்டு. காலையில எழுந்தா பத்துப் பதினஞ்சு தும்மல், கண் அரிப்பு, மூக்கொழுகல், அப்புறம் சரியாயிடும். சென்னைக்கு வந்து ஏசி ஆபீஸ், பிஜி ரூம்ல யாரோ நாலு பேர் படுத்துட்டுப் போன பழைய மெத்தைன்னு ஆன பிறகு இழுப்பும் சேர்ந்துக்கிச்சு. டாக்டர் பார்த்து மூணு மருந்து எழுதினார். மாண்டிலுகாஸ்ட்டும் லெவோசெட்ரிசினும் சேர்ந்த கூட்டு மாத்திரை, தினம் ஒண்ணு. மூக்குல அடிக்கிற ஸ்டீராய்டு ஸ்பிரே. ஒரு இன்ஹேலர்.

மாச பில்லைப் பாருங்க. மாத்திரை ஒண்ணு 21 ரூபாய், 30 நாளைக்கு ரூ.630. ஸ்பிரே ரூ.460. இன்ஹேலர் ரூ.480. மொத்தம் ரூ.1,570. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை டாக்டர் ஃபீஸ் 700, அதை மாசத்துக்குப் பிரிச்சா 350. ஆக ரூ.1,920. வருஷத்துக்கு ரூ.23,040. அவன் ஒரு மாச சம்பளத்துல முக்கால் பங்கு, தும்மலுக்கு.

அவன் பட்ஜெட்ல பிஜி வாடகை சாப்பாட்டோட 9,500, வீட்டுக்கு 8,000, பைக் இஎம்ஐ 3,800. அதோட அண்ணன் பேச்சைக் கேட்டு எஸ்ஐபி 2,000. இது நாலும் அஞ்சாம் தேதிக்குள்ள போயிடும். பாக்கி இருக்கிற 7,700ல பெட்ரோல், போன், வெளிச் சாப்பாடு, கல்யாண மொய் எல்லாம். மருந்தும் அந்த மிச்சத்துலதான்.

2024 நவம்பர் நடுவுல ஸ்பிரேயும் இன்ஹேலரும் தீர்ந்தப்போ அவன் திரும்ப வாங்கல. மாத்திரையை மட்டும் விடல. ஏன்னா மாத்திரை போட்டா ஒரு மணி நேரத்துல மூக்கு நிக்குது, வேலை செய்யுதுன்னு கண்ணுக்குத் தெரியுது. ஸ்பிரேயும் இன்ஹேலரும் அப்படி இல்ல. தினம் எடுத்துக்கிட்டே இருந்தா உள்ள வீக்கத்தை அடக்கி வெச்சிருக்கும், நிறுத்தினா ரெண்டு மூணு வாரம் ஒண்ணும் தெரியாது. காசு கொடுக்கிறவன் மனசுக்கு அது தண்டச் செலவு மாதிரி தோணும். ரெண்டு மாசத்துல 1,880 ரூபாய் மிச்சம் பிடிச்சான். எஸ்ஐபி ஒரு தவணை கூடத் தவறல. அதைப் பெருமையாவே சொன்னான்.

2025 ஜனவரி 13, போகி. சென்னையில போகி காலை எப்படி இருக்கும்னு தெரியும்ல, பாயும் டயரும் எரிஞ்சு தெருவே புகை மூட்டம். அன்னைக்கு ராத்திரி ஊருக்குப் போக கிளாம்பாக்கத்துல பஸ் டிக்கெட் எடுத்து வெச்சிருந்தான். காலை ஆறு மணிக்கு அவன் ரூம்மேட் எனக்குப் போன் பண்ணான்: "அண்ணே, இவனால பேச முடியல." பொங்கலுக்கு அவன் வார்டுலதான் இருந்தான், மூஞ்சில நெபுலைசர் மாஸ்க். ரெண்டு ராத்திரி. பில் ரூ.46,800. கம்பெனி குரூப் பாலிசி ரூ.43,350 கொடுத்துடுச்சு. கையுறை, மாஸ்க், கிட் அது இதுன்னு ரூ.3,450 அவன் தலையில.

அந்த ரெண்டு மருந்துக்கும் சேர்த்து மாசம் 940 ரூபாய். 46,800ஐ அதால வகுத்தா கிட்டத்தட்ட 50 மாசம். நாலு வருஷத்துக்கு மேல வாங்கியிருக்கக் கூடிய மருந்தோட காசு ரெண்டு ராத்திரியில போச்சு. இன்சூரன்ஸ் கம்பெனி அந்த 43,350ஐக் கொடுக்கத் தயாரா இருக்கு, மாசம் 940ஐக் கொடுக்கத் தயாரா இல்ல. மூச்சு நின்னா காசு, நிக்காம பார்த்துக்கிட்டா காசு இல்ல.

இதுல இன்சூரன்ஸ்காரங்களை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்ல. நம்ம நாட்டுல பெரும்பாலான ஹெல்த் பாலிசிகள் படுக்கையில சேர்ந்தாதான் பேசும். வீட்டுல சாப்பிடற மாத்திரை, ஓபிடி ஃபீஸ் எல்லாம் வெளியே. தனியா ஓபிடி கவர் எடுத்தா உண்டு, பிரீமியத்தையும் வரம்பையும் கூட்டிக் கழிச்சா பல சமயம் நம்ம காசே நமக்குத் திரும்பி வர்ற மாதிரிதான் இருக்கும்.

சரி, வரிச் சலுகை? சிஏன்னு தெரிஞ்சதும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி. முன்னாடி மெடிக்கல் பில் கொடுத்தா வருஷம் 15,000 வரை வரியில்லாம கிடைச்சுது. 2018-19லேருந்து அதை எடுத்துட்டு ஸ்டாண்டர்டு டிடெக்‌ஷன் கொடுத்தாங்க. இன்னும் சில கம்பெனி பே ஸ்லிப்ல 'மெடிக்கல் அலவன்ஸ்'னு ஒரு வரி இருக்கும், அது பேருக்குத்தான், முழுக்க வரி உண்டு. 80டில பிரீமியம்தான் கணக்கு. மருந்துச் செலவு அதுல வரணும்னா இன்சூரன்ஸ் இல்லாத மூத்த குடிமக்களா இருக்கணும். 80டிடிபி பட்டியல்ல புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு மாதிரி நோய்கள்தான், அலர்ஜியோ ஆஸ்துமாவோ கிடையாது. இது எல்லாமே பழைய முறையில. புது முறையில எதுவுமே இல்ல.

நான் சலுகை கேட்கவும் மாட்டேன். தம்பி சம்பளத்துக்கு வரியே வராது. வரி கட்டாதவனுக்கு வரிக்கழிவு கொடுக்கிறது, பல் இல்லாதவனுக்கு முறுக்கு கொடுக்கிற மாதிரி. அவனுக்கு வேண்டியது விலை குறையறதுதான்.

அந்த விலைக்கு வருவோம். இங்கதான் எனக்குக் கோபம்.

மருந்து விலையைக் கட்டுப்படுத்த தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் இருக்கிறது. 2013ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருக்கிற மருந்துக்கு உச்ச விலை உண்டு. எப்படி நிர்ணயிக்கிறார்கள்? சந்தையில் 1 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கிற எல்லா பிராண்டுகளின் விலையையும் கூட்டிச் சராசரி எடுத்து, அதன் மேல் கடைக்காரருக்கு 16 சதவீதம் லாபம் சேர்க்கிறார்கள். அடக்க விலை எங்கேயும் வராது. 1995ஆம் ஆண்டு ஆணையில் உற்பத்திச் செலவை வைத்துத்தான் கணக்கு. இப்போது, விலை ஏற்றி விற்கிறவர்களின் சராசரியே உச்ச விலை. காஸ்டிங் படிச்சுப் பாஸ் பண்ணின எனக்கு இது இன்னும் ஜீரணமாகல.

அதாவது பரவாயில்லை, பட்டியலில் இருக்கிற மருந்துக்கு ஏதோ ஒரு கூரை இருக்கிறது. வெறும் செட்ரிசின் மாத்திரை பட்டியலில் இருக்கிறது, அதனால்தான் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. மாண்டிலுகாஸ்ட்டையும் 2022 பட்டியலில் சேர்த்தார்கள். ஆனால் தம்பி சாப்பிட்ட அந்தக் கூட்டு மாத்திரை பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத மருந்தாக ஓடிக்கொண்டிருக்கும் பிராண்டுக்கு எம்ஆர்பியை வருஷத்துக்கு 10 சதவீதம் வரை ஏற்றிக்கொள்ளலாம், யாரிடமும் கேட்க வேண்டாம். வருஷா வருஷம் 10 சதவீதம்னா ஏழு வருஷத்துல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. உங்க இன்கிரிமென்ட்டை மனசுல வெச்சுக்கிட்டு இதைப் படிங்க.

அலர்ஜிக்கு நம்ம ஊர்ல எழுதப்படற சீட்டுகளைப் பாருங்க, வெறும் மாத்திரையை விடக் கூட்டு மாத்திரை எத்தனை தடவை வருதுன்னு. மருத்துவக் காரணம் சிலருக்கு இருக்கும், மறுக்கல. ஆனா எல்லா மூக்குக்கும் அதே காரணம் இருக்கும்னு நான் நம்பத் தயாரில்லை. இன்னொண்ணு. அமெரிக்காவின் எஃப்டிஏ 2020 மார்ச்சில் மாண்டிலுகாஸ்ட்டுக்குத் தன்னிடம் இருக்கிறதிலேயே கடுமையான எச்சரிக்கையைப் போட்டது. மனநிலை மாற்றம், தூக்கப் பிரச்சினை, தற்கொலை எண்ணம் வரை ஆபத்து உண்டு, வெறும் அலர்ஜி மூக்குக்கு மற்ற மருந்துகள் கேட்காதவர்களுக்கு மட்டும் கொடுங்கள் என்றது. நான் டாக்டர் இல்ல, இதைப் படிச்சுட்டு நாளைக்கே மாத்திரையை நிறுத்திடாதீங்க. ஆனா மாசம் 630 ரூபாய் கொடுக்கிறவனுக்கு "இது எனக்கு வேணுமா"ன்னு கேட்க உரிமை உண்டு.

டாக்டர்கள் மேல முழுப் பழியும் போட மாட்டேன். ஒரு நோயாளிக்கு அஞ்சு நிமிஷம், வெளியில முப்பது பேர், கை பழகின பிராண்ட் பேர் தானா பேனாவுல வரும். எம்ஆர்பி என்னன்னு பாதி பேருக்குத் தெரியாதுன்னு என் டாக்டர் நண்பனே சொல்றான். எழுதறவர் காசு கொடுக்கிறதில்ல, காசு கொடுக்கிறவன் தேர்ந்தெடுக்கிறதில்ல. 2023 ஆகஸ்ட்டில் தேசிய மருத்துவ ஆணையம் ஜெனரிக் பெயரில்தான் எழுத வேண்டும் என்று விதி கொண்டு வந்தது. அதே மாசமே அதை நிறுத்தியும் வைத்துவிட்டது.

கடையில கேட்டு மாத்திக்கலாமேன்னு நினைப்பீங்க. மருந்து விதிகள்ல 65ஆவது விதிப்படி, சீட்டுல எழுதின பிராண்டுக்குப் பதிலா அதே மருந்து உள்ள வேற பிராண்டைக் கடைக்காரர் தானா கொடுக்கக் கூடாது. நடைமுறையில கொடுப்பாங்க, அது வேற விஷயம். அப்படி மாத்தும்போது உங்களுக்கு மலிவானதைக் கொடுப்பாங்கன்னு உத்தரவாதம் இல்ல, அவங்களுக்கு லாபமானதைக் கொடுக்கலாம். 'டிரேட் ஜெனரிக்'னு ஒரு வகை இருக்கு. கடைக்காரருக்குக் கம்மி விலையில வரும், அட்டையில எம்ஆர்பி மட்டும் பெரிய பிராண்டுக்குப் பக்கத்துல இருக்கும். அதுல "20 பர்சன்ட் டிஸ்கவுன்ட் சார்"னு கொடுப்பாங்க. நாமளும் சந்தோஷமா வாங்கிட்டு வருவோம்.

ஆப்லயும் இதே கதைதான். 20 சதவீதத் தள்ளுபடி, டெலிவரி ஃப்ரீ ஆகணும்னு 199 ரூபாய் விட்டமின் மிட்டாய் ஒண்ணு. தள்ளுபடியைப் பார்க்காதீங்க, ஒரு மாத்திரை எவ்வளவுன்னு பாருங்க. 10 மாத்திரை அட்டையும் 15 மாத்திரை அட்டையும் கலந்து வெச்சுக் குழப்புற இடம் இது.

ஜிஎஸ்டி குறைஞ்சதைப் பத்தியும் கேட்பீங்க. 2025 செப்டம்பர் 22லேருந்து பெரும்பாலான மருந்துகளுக்கு 12லேருந்து 5 சதவீதம். நல்லது. ஆனா 7 சதவீதம் குறையும்னு எதிர்பார்க்காதீங்க. எம்ஆர்பி வரி உட்பட்ட விலை, 112 ரூபாயா இருந்தது 105 ஆகும், அது 6.25 சதவீதம். 1,570 பில்லுல 98 ரூபாய். மருந்துக்காரங்க ஒரு வருஷம் 10 சதவீதம் ஏத்தினா அது காலி.

இனி தம்பி கதைக்கு வர்றேன். டிஸ்சார்ஜ் ஆன பிறகு, மார்ச் மாசம், நானே அவன் கூட டாக்டர்கிட்ட போனேன். சீட்டை நீட்டி, கொஞ்சம் தயங்கித்தான் கேட்டேன். சார், இந்த மூணுல எதை நிறுத்தினா ஆபத்து, எதைத் தேவைப்பட்டா மட்டும் எடுத்தா போதும்? கூட்டு மாத்திரைதான் வேணுமா, தனி மாத்திரை போதுமா? இதே மருந்துல விலை கம்மியான பிராண்ட் உங்களுக்குச் சரின்னா அதை எழுத முடியுமா? கோபப்படுவார்னு நினைச்சேன். அவர் சீட்டைத் திருப்பிப் பார்த்துட்டு, "விலை கட்டுபடியாகலன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி, இன்ஹேலரை நிறுத்திட்டு மாத்திரையைப் போட்டிருக்கியே, தலைகீழா பண்ணியிருக்க" அப்படின்னார். அவன் தரையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தான். நானும்தான், ஏன்னா அந்த எஸ்ஐபி அறிவுரை என்னுது.

கூட்டு மாத்திரை போச்சு. தும்மல் அதிகமான நாள்ல மட்டும் வெறும் லெவோசெட்ரிசின். மலிவு விலை மருந்தகத்துல பத்து மாத்திரை 20 ரூபாய், ஒரு மாசத்துக்கு ஒரு அட்டை போதுது. ஸ்பிரேல அதே மருந்து, அதே அளவு, வேற பிராண்ட், ரூ.290. இன்ஹேலர் மட்டும் அதே பிராண்ட், அதே 480. கருவி மாறினா பழகணும், வேணாம்னுட்டார். மொத்தம் ரூ.790. முன்னாடி 1,570. மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்னதால ஃபீஸும் குறைஞ்சுது. எல்லாம் சேர்த்து மாசம் ஆயிரத்துச் சொச்சம். ஒரு வேளை மருந்து கூட விடாம.

எல்லாருக்கும் இதே சீட்டு வராது, உங்க மூக்கு வேற. மூக்குக்கான ஸ்டீராய்டு ஸ்பிரேக்கள்ல புடெசொனைடு அத்தியாவசியப் பட்டியல்ல இருக்கு, உங்களுக்கு அது சரிப்படுமான்னு கேட்டுப் பார்க்கலாம். ஆணையத்தோட 'பார்மா சஹி தாம்' ஆப்ல உச்ச விலையைப் பார்க்கலாம். மக்கள் மருந்தகம் எனப்படும் ஜன் அவுஷதி கடைகள் இருக்கு. தமிழ்நாட்டுல 2025 பிப்ரவரி 24லேருந்து முதல்வர் மருந்தகங்களும் இருக்கு, முதல் கட்டமா ஆயிரம் திறந்தாங்க. முழு அட்டை வாங்கக் காசில்லாத நாள்ல நாலு மாத்திரை கேளுங்க, வெட்டிக் கொடுத்தா அந்த நாலுக்கான விகித விலைக்கு மேல வாங்கக் கூடாதுன்னு விலைக் கட்டுப்பாட்டு ஆணையிலேயே இருக்கு. சம்பளம் 21,000 வரை இருக்கிறவங்க, உங்க பே ஸ்லிப்ல இஎஸ்ஐன்னு 0.75 சதவீதம் பிடிக்கிறாங்களா பாருங்க. பிடிச்சா ஓபிடியும் மருந்தும் அதுல உண்டு. கியூவுல நிக்கணும்ங்கிறதுக்காக அந்தக் கார்டைத் தூக்கிப் போட்டுட்டு வெளியில 1,500 கொடுக்கிறவங்களை நான் நிறைய பார்க்கிறேன்.

மலிவு மருந்து தரமா இருக்குமான்னு கேட்கிறீங்க, நியாயமான கேள்வி. மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பு தரம் தேறாத மருந்துகளின் பட்டியலை மாசா மாசம் வெளியிடுது. அதுல ஜெனரிக்கும் வரும், பிராண்டும் வரும். விலை ஜாஸ்தின்னா தரம்னு அந்தப் பட்டியல் சொல்லல. அட்டையோட பின்பக்கம் தயாரிப்பாளர் பேரைப் படிங்க. விக்கிறது ஒரு கம்பெனி, தயாரிக்கிறது இன்னொரு கம்பெனின்னு எத்தனை அட்டையில இருக்குன்னு பார்த்தா ஆச்சரியப்படுவீங்க.

மலிவுங்கிற பேர்ல மாட்டிக்கிற ஒரு இடமும் உண்டு. ஸ்டீராய்டு ஸ்பிரே விலையைப் பார்த்துட்டு, அதுக்குப் பதிலா மூக்கடைப்புச் சொட்டு மருந்தை வாங்கி மாசக்கணக்கா விடறது. ரெண்டு நிமிஷத்துல மூக்கு திறக்கும். சில நாளைக்கு மேல போனா மருந்தே அடைப்பை உண்டாக்கும், அப்புறம் அது இல்லாம தூக்கம் வராது. அது வேற மருந்து, வேற வேலை.

ஹெச்ஆர்கிட்ட கேட்கவும் ஒண்ணு இருக்கு. பாலிசி புதுப்பிக்கிற மாசத்துக்கு முன்னாடி, நாலஞ்சு பேரா சேர்ந்து, குரூப் பாலிசியில ஓபிடி, மருந்து சேர்க்க முடியுமான்னு மெயில் போடுங்க. கம்பெனி கட்டற குரூப் ஹெல்த் பிரீமியத்துக்கு உங்க கையில வரி விழாது. அதே காசை மெடிக்கல் அலவன்ஸா கொடுத்தா விழும். ஹெச்ஆர் பலருக்கு இந்த வித்தியாசம் தெரியாது, நீங்க சொன்னா கேட்டுப்பாங்க.

இப்போ அந்த ஓட்டைக்கு வர்றேன். டாக்டர் எழுதின தினசரி மருந்து மிச்சத்துல வாங்குற சாமான் இல்ல. அது இஎம்ஐ மாதிரி. தம்பி பட்ஜெட்டை நாங்க திருப்பி எழுதினோம்: ஒண்ணாம் தேதி 1,100 ரூபாய் தனி சேவிங்ஸ் அக்கவுன்ட்டுக்குப் போகும், அதோட டெபிட் கார்டு மருந்துக் கடையில மட்டும்தான் தேய்க்கப்படும். அஞ்சாம் தேதி எஸ்ஐபி. ஒருவேளை மருந்து விலை குறையாம 1,920லயே நின்னிருந்தா, எஸ்ஐபியை ஆயிரமாக் குறைன்னுதான் சொல்லியிருப்பேன். ஃபண்ட் ஹவுஸ் கோபிச்சுக்காது.

இந்த வருஷம் போகிக்கு முந்தின நாள் ராத்திரி போன் பண்ணேன். ஊருக்கு ஒரு நாள் முன்னாடியே கிளம்பச் சொல்லியிருந்தேன், லீவு கிடைக்கலையாம். "ஜன்னல் எல்லாம் சாத்திட்டேன் அண்ணே, ஈரத்துணி வெச்சு அடைச்சிட்டேன்"ன்னான். இன்ஹேலர்னு கேட்டேன். கவுன்ட்டரைப் பார்த்துச் சொன்னான், இன்னும் 42 டோஸ் இருக்காம்.